மெய்நிகர் உலகங்களின் உடைமையாளர் யார்?
கிளைபிரியும் மென்பொருள்கள் பற்றிய ஒரு விமரிசன நோக்கு

இலக்கியம் உலகங்களைப் படைக்கிறது என்பது பழைய கூற்று. நம்மிற் பலர் அதனை உருவகமாகவே கொள்வர். ஆயின் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நுணுகி நோக்குவோருக்கு அஃது உருவகம் மட்டுமன்று என்பது புலனாகும். நிலமும் பொழுதும் முதற்பொருளாக முன்னர் வகுக்கப்படுகின்றன. அவற்றின்மேல் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில் முதலாய கருப்பொருள்கள் இடம்பெறுகின்றன. இவ்விரண்டும் அமைந்த களத்திலேயே மாந்தரின் ஒழுக்கமாகிய உரிப்பொருள் நிகழ்கிறது. மூன்றனுள் உரிப்பொருளே தலைமையானது என்பதும் அம்மரபின் துணிபு. கணினித் திரையிலே இன்று இயங்கும் மெய்நிகர் உலகங்களும் ஏறத்தாழ இதே முறையிற்றான் கட்டப்படுகின்றன. நிலப்பரப்பும் சூரியனின் ஓட்டமும் முதலில். வீடும் மரமும் ஆடையும் அடுத்து. அவற்றுள் வந்து பேசி, வணிகஞ் செய்து, காதலித்து, சண்டையிடும் மனிதரின் செயல்கள் இறுதியில்.

ஒப்புமை இவ்வளவோடு முடிகிறது. சங்கப் புலவன் எவனும் குறிஞ்சி நிலத்திற்கு மாதவாடகை செலுத்தியதாகச் சான்றில்லை. மெய்நிகர் உலகத்திலோ முதற்பொருளுக்கு உடையவன் ஒருவன் உளன். உரிப்பொருள் எத்துணைச் சிறந்ததாயினும் அவன் மின்னிணைப்பைத் துண்டித்த கணத்தில் அது மறைந்தொழிகிறது. இவ்வுடைமை உறவினை எதிர்த்து அவ்வுலகங்களின் குடிகளே மேற்கொண்ட ஒரு நடவடிக்கை பற்றியதே இக்கட்டுரை. மென்பொருளாளர் அதனை ‘ஃபோர்க்’ என்பர். கவைபோல இரண்டாகப் பிரிதல் என்பது அதன் பொருள்; ஈண்டு கிளைபிரிப்பு எனக் குறிக்கப்படுகிறது. ஒரு மென்பொருளின் மூலநிரலைப் படியெடுத்து, மூல உடைமையாளரின் விருப்பத்தை எதிர்பாராது, அதனை வேறொரு திசையில் வளர்த்தெடுத்தலே கிளைபிரிப்பாகும்.

இம்முயற்சியின் தோற்றுவாய் இணையவலைக்கு முற்பட்டது. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் றோய் ற்றப்ஷோ, றிச்சாட் பார்ட்டில் என்னும் மாணவர் இருவர், சொற்களால் மட்டுமே ஆன, பலர் ஒருங்கே புகுந்து உலாவத்தக்க உலகமொன்றை அமைத்தனர். பிரித்தானிய சமுதாயத்தின் வர்க்கப் பிரிவினைமீது தமக்கிருந்த வெறுப்பும் அவ்வுலகின் அமைப்பிற் பங்குகொண்டது எனப் பார்ட்டில் பிற்காலத்திற் கூறியுள்ளார். இது மனங்கொளத்தக்கது. பிறப்பாலன்றிச் செயலால் ஒருவர் உயரக்கூடிய உலகம் என்பது அவரது கனவு. அக்கனவு முதலாளித்துவம் தன்னைப்பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் கதையோடு எவ்வளவு நெருங்கியது என்பதை அவர் எண்ணியிருந்தாரா என்பது வேறு விடயம். 1991இல் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகக் கணினித்துறை மாணவர் சிலர் வெளியிட்ட டிக்குமட் என்னும் மென்பொருள் எவரும் படியெடுத்துத் திருத்தலாம் என்ற நிலையில் வழங்கப்பட்டது. ஆயின் அதனைக்கொண்டு இலாபம் ஈட்டலாகாது என்பது நிபந்தனை. அதிலிருந்து எண்ணற்ற கிளைகள் தோன்றின. பிரதியெடுப்போர் ஊருக்கூர் தம் சுவைக்கேற்ப மாற்றிக்கொண்டனர். ஒரே மூலத்திலிருந்து கிளைத்த இவ்வுலகங்களின் கால்வழியை வரைந்தால் அது நம் ஏட்டுச் சுவடிகளின் பிரதி மரபைக் காட்டும் கொடிவழிப் படத்தையே ஒத்திருக்கும்.

எனினும் கிளைபிரிப்பின் அரசியலைத் தெளிவாகக் காண்பதற்கு, மெய்நிகர் உலகம் பெருமுதலின் கைக்குச் சென்ற கட்டத்தையே நோக்குதல் வேண்டும். பிலிப் றோஸ்டேல் என்பவர் 1999இல் சான் பிரான்சிஸ்கோவில் நிறுவிய லிண்டன் லாப் என்னும் நிறுவனம் 2003 யூனில் ‘செக்கண்ட் லைவ்’ என்னும் உலகத்தைத் திறந்தது. அதன் தனித்தன்மை யாதெனில், அவ்வுலகிற் காணப்படும் பொருள்களிற் பெரும்பாலானவற்றை நிறுவனம் ஆக்கவில்லை, குடிகளே ஆக்கினர். அதே ஆண்டு நவம்பரில் நிறுவனம் குடிகளின் படைப்புக்களுக்கான அறிவுசார் உரிமை குடிகளுக்கே உரியது என அறிவித்தது. இதனைப் பெருந்தன்மை எனப் போற்றியவர் பலர். பொருளியற் கண்கொண்டு நோக்குமிடத்து நிகழ்ந்தது வேறு. கருப்பொருளைக் குடிகளுக்கு விட்டுக்கொடுத்த நிறுவனம் முதற்பொருளைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. 256 மீற்றருக்கு 256 மீற்றர் அளவான ஒரு நிலத்துண்டு, அதாவது வழங்கிக் கணினியொன்றின் ஒரு பங்கு, அங்கு நிலமாக விற்கப்பட்டது. தனியார் நிலத்துண்டொன்றிற்கு 2006 இறுதியிலிருந்து பல்லாண்டுகளாக மாதம் 295 அமெரிக்க டொலர் வரியாக அறவிடப்பட்டது. பொருளை ஆக்குபவன் உழைப்பாளி; அவ்வுழைப்பால் நிலத்தின் மதிப்பு உயர்கிறது; உயர்ந்த மதிப்பு நிலவுடைமையாளனைச் சேர்கிறது. மார்க்சு நிலவாடகை பற்றி எழுதியவற்றைப் பயில விரும்பும் மாணவனுக்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு கிடைத்தலரிது. 2006 மே மாதத்தில் ‘பிஸ்னஸ் வீக்’ சஞ்சிகை தன் அட்டையில் இட்டது அவ்வுலகின் சிற்பியையோ கவிஞனையோ அன்று. அங்கு நிலத்தை வாங்கிப் பிரித்து விற்ற அன்ஷி சங் என்னும் புனைபெயருடைய நிலத்தரகரையே.

2007 ஜனவரி 8ஆம் நாள் லிண்டன் நிறுவனம் தன் உலகைக் காண உதவும் பார்வைக் கருவியின் மூலநிரலை ஜி.பி.எல். எனப்படும் பொது உரிமத்தின் கீழ் வெளியிட்டது. காணும் கருவி திறக்கப்பட்டது. உலகத்தைத் தாங்கும் வழங்கியின் நிரல் இன்றுவரை திறக்கப்படவில்லை. சாளரத்தைக் குடிகளுக்குக் கொடுத்து நிலத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்ட கதை மீண்டும் நிகழ்ந்தது. அதே மாதத்தில் டரன் காட் என்பவர் வழங்கியைப் புதிதாகவே எழுதத் தொடங்கினார். அதுவே ‘ஓப்பின்சிமியுலேட்டர்’. லிண்டன் உலகின் தொடர்பாடல் முறையை ஆர்வலர் சிலர் முன்னரே ஆராய்ந்து எழுதிவைத்திருந்த நிரற்றொகுதி அதற்குத் துணையாயிற்று. சொல்லளவில் இது கிளைபிரிப்பன்று. படியெடுப்பதற்கு மூலநிரல் கிட்டாதபோது, உலகின் நடத்தையை வெளியிலிருந்து அவதானித்து மீளக் கட்டிய முயற்சி இது. ஆயினும் அதன் சமூகப் பயன் கிளைபிரிப்பினதே. 2008 ஒக்டோபரில் லிண்டன் நிறுவனம் ‘திறந்தவெளி’ நிலங்களுக்கான மாத வரியை 75 டொலரிலிருந்து 125 டொலராக உயர்த்துவதாக அறிவித்தபோது குடிகள் கொதித்தெழுந்தனர். நிறுவனம் ஓரளவு இறங்கிவரவேண்டியதாயிற்று. பலர் தம் உடைமைகளுடன் ஓப்பின்சிமியுலேட்டரை அடிப்படையாகக் கொண்ட உலகங்களுக்குப் பெயர்ந்தனர். நிலப்பிரபுவின் குத்தகை தாங்காது புதுக்காடு வெட்டிக் குடியேறிய விவசாயிகளின் வரலாறு ஈண்டு நினைவுக்கு வருதல் இயல்பு.

இவ்விடத்து ஒரு முரண்பாடு நம் சிந்தனைக்குரியது. பார்வைக் கருவியின் நிரல் ஜி.பி.எல். உரிமத்தின் கீழிருந்தது. அவ்வுரிமம், படியெடுத்துத் திருத்துபவன் தன் திருத்தத்தையும் திறந்தே வைத்தல் வேண்டும் என வற்புறுத்துவது. ஓப்பின்சிமியுலேட்டரோ பி.எஸ்.டி. உரிமத்தைத் தெரிந்தது. அதன்படி படியெடுப்பவன் விரும்பினால் தன் கிளையை மூடித் தன் சொத்தாக்கிக்கொள்ளலாம். இரண்டும் கலந்துவிடலாகாது என்னும் அச்சத்தால், பார்வைக் கருவியின் மூலநிரலைக் கண்ணாற் கண்டவர்கள் குறித்த காலம் கழியும்வரை வழங்கியின் நிரலுக்குப் பங்களிக்கலாகாது என அத்திட்டத்தினர் விதி வகுத்தனர். ஒரே உலகத்தின் இரு பாதிகளைக் கட்டும் சுயேச்சைத் தொழிலாளர் ஒருவர் மற்றவரின் வேலையைப் பார்க்கக்கூடாது! படித்தலே தீட்டாகிய இந்நிலையை நம் சமூகத்தின் வேதமோதல் வரலாற்றோடு ஒப்பிட்டால் வாசகர் புன்னகைக்கக்கூடும். இதில் எவருடைய தீய எண்ணமும் காரணமன்று. பொதுவுடைமையை நாடும் உரிமமேயாயினும் அது தனியுடைமைச் சட்டத்தின் மேலேயே கட்டப்பட்டுள்ளது. பதிப்புரிமை என்ற ஒன்று இல்லையெனில் ஜி.பி.எல்.லுக்கும் வலுவில்லை. எதிர்ப்பதன் ஆயுதத்தையே கடன்வாங்கியவன் அவ்வாயுதத்தின் இலக்கணத்துக்கும் உட்படுகிறான்.

பி.எஸ்.டி. உரிமம் அளித்த சுதந்திரத்தின் மறுபக்கத்தை ‘இன்வேர்ல்ட்ஸ்’ என்னும் உலகம் காட்டிற்று. 2009இல் தோன்றிய அவ்வணிக உலகம் ஓப்பின்சிமியுலேட்டரைக் கிளைபிரித்து, தன் கிளையைப் பல காலம் மூடியே வைத்திருந்து, பின்னரே ‘ஹல்சியன்’ என்ற பெயரில் திறந்தது. 2018இல் நிறுவனம் நொடித்தபோது உலகமும் மூடப்பட்டது. ஃபின்லாந்தின் ஊலுவில் உருவான ‘றியல்எக்ஸ்ற்றென்ட்’, 2010இல் எழுந்த ‘அவுறோறாசிம்’ ஆகியனவும் இவ்வழிப்பட்ட கிளைகளே. அவை பற்றி விரிப்பிற் பெருகும்.

கிளைபிரிப்பை முற்போக்கானதெனக் கண்ணை மூடிக்கொண்டு வரவேற்போர் 2006 நவம்பரில் நிகழ்ந்த ‘கொப்பிபொட்’ விவகாரத்தை மறந்துவிடுகின்றனர். ஓப்பின்சிமியுலேட்டருக்குத் துணையான அதே நிரற்றொகுதியிலிருந்து, பிறர் ஆக்கிய ஆடை அணி வீடுகளை அப்படியே பிரதிசெய்யும் கருவியொன்று பிறந்தது. செக்கண்ட் லைவின் கடைக்காரர் பலர் கடைகளைப் பூட்டி எதிர்ப்புத் தெரிவித்தனர். நிறுவனத்தின் நிலவுடைமைக்கெதிராகச் சுதந்திரம் பேசியவர்கள், தம் பண்டங்களைப் பிறர் படியெடுத்தபோது அதே நிறுவனத்திடம் ஓடிக் காவல் கேட்டனர். இதனைக் கபடம் என்று தள்ளிவிடுவது எளிது. நான் அவ்வாறு கொள்ளேன். அவர்கள் சிறு பண்ட உற்பத்தியாளர். உழைப்பும் கருவியும் தமதாயும் நிலம் பிறனதாயும் உள்ளவர்கள். பெருமுதலை அஞ்சுவதும் பொதுவுடைமையை அஞ்சுவதும் அவ்வர்க்கத்தின் இருமுகப் பண்பு. எல்லையற்றுப் பெருகக்கூடிய ஒன்றைச் செயற்கையாக அருமைப்படுத்தியே பண்டமாக்க முடியும். அவ்வருமை குலைந்தாற் சோறில்லை. ஆகவே, பின்னர் உலகத்திலிருந்து உலகத்துக்குத் தாவும் வழியொன்றைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிறிஸ்டினா லோப்பெஸ் 2008இல் ஓப்பின்சிமியுலேட்டரில் அமைத்தபோது, வணிக உலகங்கள் பல அவ்வழியைத் தம் எல்லையில் அடைத்தேவிட்டன. பண்டம் எல்லை கடந்து போய்விடும் என்னும் அச்சம் மனிதரின் போக்குவரவையும் தடுத்தது.

பார்வைக் கருவியின் கிளைகளுக்கு நேர்ந்ததும் குறிப்பிடத்தக்கதே. ‘எமரால்ட்’ என்னும் கிளை லிண்டனின் சொந்தக் கருவியைவிட விரும்பப்பட்டது. 2010 ஓகஸ்டில் அதன் நுழைவுப் பக்கத்தைப் பயன்படுத்தி, தம்மை விமரிசித்த ஒருவரின் வலைத்தளத்தின்மீது அதன் பொறுப்பாளர் சிலர் தாக்குதல் நடத்தியமை வெளியாயிற்று. நிறுவனம் தடைவிதிக்க, எமரால்ட் சிதைந்தது. அதில் நேர்மையாய் உழைத்தோர் பிரிந்து ‘பீனிக்ஸ்’ என்னும் கிளையையும், அதன்வழி ‘ஃபயர்ஸ்ரோம்’ என்பதையும் உருவாக்கினர். மூலநிரல் திறந்திருந்தமையாற்றான் தலைமையின் சீரழிவு உழைப்பின் அழிவாக முடியவில்லை. கிளைபிரிப்பின் மெய்யான பயனை இங்கேதான் காண்கிறேன். ஆனால் கதையின் அடுத்த அடி 2012 பெப்ரவரியில் விழுந்தது. எல்லாரும் பகிரும் உலக அனுபவத்தை மாற்றும் எந்த வசதியையும் லிண்டனின் கருவி தராத நிலையிற் பிறருடைய கருவிகள் தரலாகாது என்னும் விதியை நிறுவனம் சேர்த்தது. நிரலை மாற்றும் உரிமையை உரிமம் தருகிறது. மாற்றிய நிரலுடன் உலகினுள் நுழையும் உரிமையை நிலத்தின் உடையவன் மறுக்கிறான். எழுத்திற் சுதந்திரம், வாயிலிற் காவல்.

இனி, அண்மைக்கால நிகழ்ச்சியொன்றைச் சற்று விரிவாக நோக்கலாம். லிண்டனிலிருந்து விலகிய றோஸ்டேல் 2013இல் ‘ஹை ஃபிடெலிற்றி’ என்னும் புதிய நிறுவனத்தைத் தொடங்கினார். இம்முறை பார்வைக் கருவி, வழங்கி ஆகிய இரண்டின் நிரலும் அப்பாச்சி உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டன. எவரும் தம் வீட்டுக் கணினியிலேயே உலகமொன்றை நடத்தலாம் என்பது வாக்குறுதி. 7 கோடி டொலருக்கு மேற்பட்ட முதலீடு திரட்டப்பட்டது. ஆயின் தலையணி அணிந்து அவ்வுலகிற் புகுவோர் முதலீட்டாளர் எதிர்பார்த்த அளவிற் பெருகவில்லை. 2019இல் நிறுவனம் உலகத்தைக் கைவிட்டு வேறு தொழிலுக்குத் திரும்பிற்று. முதலுக்கு அது ஒரு கணக்குத் திருத்தம். குடிகளுக்கோ ஊர் கலைதல்.

அவர்களிற் சிலர் நிரலைக் கிளைபிரித்தனர். அக்கிளை ‘வேர்க்கேடியா’ என்னும் பெயரைப் பெற்றது. ‘ரிவோலி’ என்பது இன்னொரு கிளை. அப்போதுதான் திறந்திருந்தது எது, மூடியிருந்தது எது என்பது வெளிப்பட்டது. உலகங்களின் பெயர்ப் பதிவு, குடிகளின் அடையாளம், ஓர் உலகிலிருந்து இன்னொன்றைக் கண்டடையும் வழி ஆகியவற்றை நடத்திய நடுவழங்கியின் நிரலை நிறுவனம் வெளியிட்டிருக்கவில்லை. மூன்று பங்கில் இரண்டைத் திறந்துவைத்து, எல்லாவற்றையும் இணைக்கும் மூன்றாவதை வைத்துக்கொண்டால் திறந்தவனென்ற பெயரும் கிடைக்கும், கட்டுப்பாடும் கைநழுவாது. கிளையினர் அந்நடுவழங்கியைத் தாமே எழுதினர். பின்னர் வேர்க்கேடியாவின் போக்குப்பற்றிக் கருத்து முரண்பாடு தோன்றவே, 2022 அளவில் அதன் உழைப்பாளருட் பலர் மீண்டும் பிரிந்து ‘ஓவர்ற்றே’ என்னும் கிளையை அமைத்தனர். இக்கிளை முதலீட்டாளரைத் தேடவில்லை. ஜேர்மனியச் சட்டத்தின்கீழ்ப் பதிவுசெய்யப்பட்ட சங்கமாக அது இயங்குகிறது. ஓர் உலகத்தைக் கட்டுவோர் தம் நிரலுக்கு உரிமம் தேடியது போதாதென்று கண்டு, தம் கூட்டுறவுக்கும் ஓர் உருவந் தேடிய இப்படி என்னளவில் நிரலின் எத்திருத்தத்தினும் முதன்மையானது. உற்பத்திச் சாதனத்தின் பிரதி கையிலிருத்தல் வேறு, உற்பத்தி உறவு மாறுதல் வேறு. முன்னையது பின்னையதை வேண்டுகிறது, ஆயின் அதனைத் தானே தருவதில்லை.

அதே காலத்திற் பெருமுதலின் பக்கத்தில் நிகழ்ந்தவற்றையும் வைத்து நோக்குக. 2021 ஒக்டோபரில் பேஸ்புக் நிறுவனம் தன் பெயரை ‘மெற்றா’ என மாற்றிற்று. அதன் மெய்நிகர்ப் பிரிவு 2022இல் 1,370 கோடி டொலரையும், 2023இல் 1,610 கோடியையும், 2024இல் 1,770 கோடியையும் இழந்தது. மைக்கிறோசொவ்ற் தான் வாங்கிய ‘ஓல்ற்ஸ்பேஸ்’ உலகத்தை 2023 மார்ச்சில் மூடிற்று. கூகிளின் ‘லைவ்லி’ 2008இல் ஆறு மாதமும் வாழவில்லை. இவற்றின் குடிகள் கட்டியவை அவற்றோடு போயின. மொசில்லா நிறுவனம் 2018இல் திறந்த ‘ஹப்ஸ்’ 2024 மே 31இல் நிறுத்தப்பட்டது. ஆனால் அதன் நிரல் திறந்தது. ஆகவே பங்களித்தோர் ஓர் அறக்கட்டளை அமைத்து அதனைத் தொடர்கின்றனர். மூடிய உலகங்களின் முடிவையும் ஹப்ஸின் முடிவையும் அருகருகே வைத்துப் பார்க்கும் எவரும் கிளைபிரிக்கும் உரிமையை வெறும் தொழினுட்ப விருப்பமெனத் தள்ளிவிடார்.

நம் முற்போக்கு வாசகரிடையே இவ்விடயத்தில் இரு மனப்பாங்குகள் உள. திறந்த மூலம் என்றதும் அதுவே பொதுவுடைமையின் கருவென மகிழ்வது ஒன்று. விளையாட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு, மேற்கட்டுமானத்தின் நுரை, எனப் புறக்கணிப்பது மற்றது. முதலாவது, ஊதியமற்ற உழைப்பைப் பெருநிறுவனங்கள் எவ்வாறு உண்டு வாழ்கின்றன என்பதைக் காணத் தவறுகிறது. ஓப்பின்சிமியுலேட்டரின் தொடக்க ஆண்டுகளில் ஐ.பி.எம். தன் ஊழியரை அதற்குப் பங்களிக்கவிட்டது. 2008 யூலையில் அதுவும் லிண்டனும் சேர்ந்து ஓர் உலகிலிருந்து மற்றதற்கு உருவொன்றை அனுப்பிக் காட்டின. நிறுவனங்கள் வந்ததும் போனதும் தம் தேவைக்கேற்பவே. இரண்டாவது மனப்பாங்கு இன்னும் தவறானது. கலை, ஒன்றுகூடல், நினைவு ஆகியன நிகழும் களம் யாருடையது என்பது என்றுமே நம் விமரிசன மரபின் வினாவாக இருந்துள்ளது.

நம் கூத்து மரபை எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வடமோடி, தென்மோடிக் கூத்துக்கள் அண்ணாவிமாரின் கொப்பிகள் வழியே ஊர் ஊராகப் படியெடுக்கப்பட்டன. ஒரே கதை ஊருக்கூர் வேறாயிற்று. வெட்டியும் சேர்த்தும் பாடினர். எந்த ஊரும் மூலத்தின் உடைமையாளராக வழக்காடியதில்லை. 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கூத்தை மேடைக்கேற்பச் சுருக்கிப் புத்துருத் தந்தபோது நிகழ்ந்ததும் ஒருவகைக் கிளைபிரிப்பே. அதனால் கூத்து நகரத்து மத்தியதர வர்க்கத்தின் மதிப்பைப் பெற்றது. அம்மதிப்பில் எவ்வளவு களரியிலாடிய விவசாயிக்குத் திரும்பிச் சென்றது என்பது இன்றும் கேட்கத்தக்க கேள்வி. இதனைப் பழைய பொற்காலமெனக் கொள்ளவும் வேண்டாம். ஏட்டைப் படியெடுக்கும் உரிமை எல்லாச் சாதியினர்க்கும் இருந்ததில்லை. கூத்தின் களரியும் எல்லார்க்கும் திறந்திருந்ததில்லை. பிரதி செய்யும் தொழினுட்பம் எளிதாயிருந்தும் உறவுகள் அதனைத் தடுத்தன.

பிரதி என்பதன் மதிப்பை ஈழத்தவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. சி. வை. தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும் 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தது, சிதறிக்கிடந்த பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடபேதங் கண்டே. கிளைகளை மீள ஒன்றிணைக்கும் வேலை அது; மென்பொருளாளர் இன்று நாள்தோறும் செய்வதும் அதுவே. 1981 யூனில் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களுட் சிலவற்றுக்குப் பிரதியே இருந்ததில்லை.

கிளைபிரிப்பின் நம்நாட்டு உதாரணம் ஒன்றும் உண்டு. மெய்நிகர் உலகமன்றாயினும் இவ்விடத்திற் பொருந்துவது. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை திருகோணமலை உட்பட எம் கரையோரத்தை அழித்தபோது, காணாமற்போனோர், முகாம்கள், உதவிப்பொருள்கள் ஆகியவற்றைப் பதிவதற்கெனக் கொழும்பிலே தன்னார்வ மென்பொருளாளர் சில வாரங்களில் ‘சஹன’ என்னும் திறந்த மூல மென்பொருளை எழுதினர். நிவாரணம் என்பது அச்சிங்களச் சொல்லின் பொருள். லங்கா சொவ்ற்வெயர் பவுண்டேசன் அதனை ஒருங்கிணைத்தது. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2010இல் ஹெயிற்றியிலும் அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப்பயன் விருதும் அதற்குக் கிட்டியது. பின்னர் அது பல கிளைகளாயிற்று: வேறொரு நிரன்மொழியிற் புதிதாய் எழுதப்பட்ட ‘ஈடன்’, நியூயோர்க் நகரின் தேவைக்காக ‘அகஸ்தி’, வைத்தியசாலைகளுக்காக ‘வெசூவியஸ்’. 2009இல் அதற்கென அமைந்த அறக்கட்டளை கலிபோர்னியாவிற் பதிவாயிற்று. எம் கரையின் பேரழிவிலிருந்து பிறந்த மென்பொருளின் சட்டவில்லம் பசுபிக் கரைக்குப் பெயர்ந்தமையைச் சூழ்ச்சியென நான் கூறவில்லை. நிதி எங்குள்ளதோ, பராமரிக்கும் உழைப்புக்கு ஊதியம் எங்கு கிட்டுமோ அங்கேயே கிளை தழைக்கும். எழுதும் ஆற்றல் எம்மிடம் இருந்தது. தொடர்ந்து பேணும் பொருளாதாரம் இருக்கவில்லை.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய பாலையூற்றிலிருந்து இதனை எழுதுகின்றேன். இங்கிருந்து அணித்தேயுள்ள சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் 99. 2022 ஜனவரி உடன்படிக்கைப்படி அவற்றுள் 14 இந்தியன் ஓயில் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கும் பிரிக்கப்பட்டன. அவ்வுடன்படிக்கை கைச்சாத்தாகி மூன்று மாதம் கழியுமுன், எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணியின்றி இந்நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. மெய்நிகர் உலகம் பற்றிய கட்டுரையில் எண்ணெய்த் தாங்கிக்கு என்ன வேலை எனக் கேட்போர், வழங்கிக் கணினி எதனால் இயங்குகிறது என்பதையும் கேட்டல் நன்று. நிரலைப் படியெடுக்கலாம், மின்சாரத்தையும் கடலடிக் கேபிளையும் படியெடுக்க இயலாது. கிளைபிரிப்பின் சுதந்திரம் உலகெங்கும் ஒரே அளவினதன்று. ஜேர்மனியில் சங்கமொன்றைப் பதிந்து வழங்கியை நடத்துவோருக்கும், மாதக் கட்டணத்தை டொலரிற் செலுத்தவேண்டிய எம் நாட்டு இளைஞனுக்கும் ஒரே உரிமம் ஒரே சொற்களிற் பேசுகிறது. சட்டத்தின் முன் சமத்துவம் என்பது பூர்ஷுவா சமுதாயத்தில் எப்பொருளில் உண்மையோ அப்பொருளிலேயே இதுவும் உண்மை.

இதனால் நாம் செய்யத்தக்கது ஏதுமில்லை என்று கொள்ளலாகாது. இடப்பெயர்வால் ஊரிழந்தோர் தொகை எம்மிடையே பெரிது. தம் தெருவையும் கோயில் வீதியையும் பள்ளிக்கூடத்தையும் நினைவிலிருந்து மீளக் கட்டிப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புவோர் புலம்பெயர்ந்த நாடுகளிற் பெருகுவர், கருவிகள் மலிந்துவருகின்றன. அவ்வாறு கட்டுவோர் எந்நிலத்திற் கட்டுவர் என்பதே வினா. கம்பனியொன்றின் மூடிய உலகத்திற் கட்டப்படும் ஊர் இன்னொருமுறை இழக்கப்படக்கூடியது. இம்முறை குண்டுவீச்சின்றி, பங்குதாரர் கூட்டத்தின் தீர்மானமொன்றால். ஓப்பின்சிமியுலேட்டரில் ஒரு நிலத்துண்டை, அதன் மண்மேடு, கட்டிடம், பொருள் அனைத்துடனும் ‘ஓ.ஏ.ஆர்.’ எனப்படும் ஒற்றைக் கோப்பாகச் சேமித்து வேறொரு வழங்கியில் மீள விரிக்கலாம். சுவடியை நகலெடுத்து மூன்று ஊர்களில் வைத்தாற்போல அதனையும் வைக்கலாம். ஆயின் ஒருவர் கட்டிய வேப்பமரமும் இன்னொருவர் கட்டிய தேர்முட்டியும் அக்கோப்பில் ஒன்றாய்ச் செல்லும்போது, அவரவர் பதித்த அனுமதிகள் என்னாகும்? சேமிப்பவர் அவற்றை மதிப்பதா, நீக்குவதா? கொப்பிபொட் எழுப்பிய வினாவே மீண்டும், வணிகத்தின் பெயராலன்றி நினைவின் பெயரால் எழுகிறது. அதற்கு விடைகாணும் விதிகளைக் கட்டத் தொடங்குமுன்னரே அவ்வூரவர் கூடி எழுதிக்கொள்ளுதல் வேண்டும். ஓவர்ற்றே சங்கத்தின் யாப்பையும் எம் கிராமங்களின் கூத்துச் சபைகள், வாசிகசாலைகள், கூட்டுறவுச் சங்கங்கள் ஆகியவற்றின் யாப்புக்களையும் ஒப்புநோக்கும் ஆய்வொன்று அவ்வேலைக்கு உதவக்கூடும்.